தற்காப்புப் பல்கலைக்கழகமா? மலாயாப் பல்கலைக்கழகமா?

தோட்டப்புறப் பிள்ளைகள் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளிலும் மெட்ரிகுலேஷன் வகுப்புகளிலும் நல்ல தேர்ச்சி பெற்று வருகின்ற இந்நாளில், பெற்றோர் சிலரிடையே ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கின்றது. படைத்துறையினரின் பல்கலைக்கழகத்திற்கும் விண்ணப்பிக்கலாம், மலாயாப் பல்கலைக்கழகத்திற்கும் விண்ணப்பிக்கலாம், பிள்ளைக்கு இரண்டுக்கும் தகுதி உண்டு என்றால், எதற்கு அனுப்புவது என்பதே அக்கேள்வி. முன்காலத்தில் ஓர் இடமாவது கிடைக்குமா என்று ஏங்கியவர்கள் நாம். இரண்டு இடங்களுள் எது என்று எண்ணிப் பார்க்கும் நிலை வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இந்த மகிழ்ச்சிக்கு நடுவில் அவசரமும் புகுந்து விடுகின்றது.

முதலாவது செலவில்லாத படிப்பு என்று பக்கத்து வீட்டார் சொல்கின்றனர். இரண்டாவது பெயர் பெற்ற இடம் என்று பள்ளியாசிரியர் சொல்கின்றார். பட்டாளம் என்றால் உயிருக்கு ஆபத்து என்று பாட்டி கண் கலங்குகின்றார். மூவர் சொல்வதிலும் சிறிது உண்மை இருக்கின்றது. எனினும் மூவருமே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அது பிள்ளை கையொப்பமிடப் போகின்ற ஒப்பந்தம். அதனை மையமாக வைத்தே இவ்விஷயத்தை நாம் இங்கு விளக்க விரும்புகின்றோம்.

மூன்று வாசல்கள்

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். "பட்டாளத்தில் படிக்கப் போகிறான்" என்று நம் மக்கள் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு வாசல்கள் அடங்கியிருக்கின்றன.

மக்தாப் தென்தெரா டிராஜா எனப்படும் அரச இராணுவக் கல்லூரி, 1952-ஆம் ஆண்டில் போர்ட் டிக்சனில் தொடங்கப்பட்டுப் பின்னர் சுங்கை பீசிக்கு மாற்றப்பட்டது. பெயரில் இராணுவம் இருந்தாலும் அது ஓர் உறைவிட இடைநிலைப் பள்ளியே ஆகும். அங்குப் பயின்ற மாணவர் பின்னர் படையில் சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வணிகராகவும் ஆனவர் பலர் அங்கிருந்து வெளிவந்திருக்கின்றனர்.

சாதாரணப் படைவீரராகச் சேர்வது இரண்டாவது வாசல். இவ்வழியில் சேரும் இளைஞர்கள் தரைப்படையின் அடிப்படைப் பயிற்சியைப் போர்ட் டிக்சனில் பெறுகின்றனர். இது பட்டப் படிப்பு அன்று. மதிப்புள்ள வேலைதான், ஆனால் நாம் பேச வந்த பொருள் இதுவன்று.

மூன்றாவது வாசல்தான் மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். இதனைச் சுருக்கமாக யூ.பி.என்.எம். என்பர். 1995-ஆம் ஆண்டில் மலேசிய இராணுவக் கழகம் என்ற பெயரில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துணையோடு இது தொடங்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. நாட்டிலுள்ள 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களுள் இதுவும் ஒன்று. இதுவும் சுங்கை பீசியிலேயே இருப்பதால், அரச இராணுவக் கல்லூரியோடு இதனைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர். எஸ்.பி.எம். முடித்த மாணவர் ஓராண்டு அடித்தளப் படிப்பை முடித்து, அதன்பின் பொறியியல், மருத்துவம், தற்காப்பு அறிவியல், தற்காப்பு மேலாண்மை போன்ற துறைகளுள் ஒன்றில் பட்டத்திற்குப் படிக்கின்றார். படிப்போடு படைப்பயிற்சியும் நடைபெறுகின்றது. முடிவில் மாட்சிமை தங்கிய பேரரசரின் ஆணை பெற்று, தரைப்படையிலோ கடற்படையிலோ விமானப்படையிலோ அதிகாரியாகின்றார். இவ்வாறு பயில்வோரைக் கேடட் அதிகாரி என்று அழைப்பர். பெண்களும் கேடட்டாகச் சேரலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. யூ.பி.என்.எம்.மில் கேடட் அல்லாத பொது மாணவர்களும் படிக்கின்றனர். அவர்களுக்குக் கேடட்டுகளின் சலுகையும் இல்லை, கேடட்டுகளின் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே அழைப்புக் கடிதம் வந்தால், பிள்ளை கேடட்டாக அழைக்கப்பட்டிருக்கின்றாரா, பொது மாணவராக அழைக்கப்பட்டிருக்கின்றாரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரே முகவரியிலிருந்து வரும் இரண்டு கடிதங்கள் இரண்டு வாழ்க்கைகளுக்கு வழிகாட்டும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1949-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றி, 1959-இல் கோலாலம்பூரில் கிளை விட்டு, 1962-ஆம் ஆண்டு முதல் தனித்து இயங்கி வரும், நாட்டின் மூத்த பல்கலைக்கழகம் அது. நம்மவர்க்கு அதனோடு வேறோர் உறவும் உண்டு. 1950-களில் அங்கு இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். உழைக்கும் மக்களும் தம்மால் இயன்றதைத் தந்தனர். அந்தப் படிக்கட்டில் நம் முன்னோரின் காசும் இருக்கின்றது என்று எண்ணும்போது நமக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆயினும் பெருமிதம் வேறு, ஒரு பிள்ளைக்கு ஏற்ற இடம் எது என்பது வேறு.

செலவைப் பற்றிய கணக்கு

பால்வெட்டுக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் செலவைப் பற்றிய எண்ணமே முதலில் எழும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாள்களை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் மாதந்தோறும் தவறாமல் வரும் பணத்தின் அருமை தெரியும்.

கேடட்டாகச் சேரும் பிள்ளையின் படிப்பு, தங்குமிடம், உணவு, சீருடை ஆகியவற்றை அரசாங்கமே கவனித்துக்கொள்கின்றது. அதற்கு மேல் மாதந்தோறும் படித்தொகையும் தருகின்றது. பட்டம் பெறும் நாளன்றே வேலையும் காத்திருக்கின்றது. இந்த மூன்று சொற்றொடர்களைக் கேட்டவுடனே பல தந்தைமார் முடிவு செய்துவிடுகின்றனர்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் நிலை என்ன? அரசாங்கப் பல்கலைக்கழகம் ஆதலால், படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்று, மாணவரிடம் சிறுபகுதியையே கட்டணமாகப் பெறுகின்றது. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், மடிக்கணினி, பேருந்துச் செலவு என்று மாதந்தோறும் பணம் வேண்டியிருக்கும். இதற்காகவே 1997-ஆம் ஆண்டில் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைக்கப்பட்டது. பி.டி.பி.டி.என். என்று நாம் அனைவரும் அறிந்தது இதுதான். இது கடன். படிப்பு முடிந்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் வகுப்பில் தேறும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடனிலிருந்து விலக்கு உண்டு என்பதைப் பிள்ளையின் காதில் போட்டு வைப்பது நல்லது. பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளமும், வேறு அறநிதிகளும் இருக்கின்றன.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், ஒன்று இலவசம், மற்றொன்று கடன். ஆனால் சற்று ஆழ்ந்து பார்த்தால் இரண்டுமே கடன்தான் என்பது விளங்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் தம் கடனைப் பணமாகச் செலுத்துகின்றார். கேடட்டாகப் படித்தவர் தம் கடனை ஆண்டுகளாகச் செலுத்துகின்றார். பணக்கடனைச் சம்பளம் உயர்ந்தால் விரைவில் அடைத்துவிடலாம். ஆண்டுக்கடனை அவ்வாறு முன்கூட்டி அடைக்க இயலாது. இருபத்து மூன்று வயதிலிருந்து வரும் ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். திருமணம், குழந்தைப்பேறு, பெற்றோரின் முதுமை எல்லாம் வந்து சேரும் காலம் அது.

படைத்துறை ஆண்டுகள் வீண் என்று இதனால் நாம் சொல்ல வரவில்லை. அந்தத் தொழிலை விரும்புகின்றவனுக்கு அவை கடனாகவே தோன்றமாட்டா. சம்பளம் உண்டு, பதவி உயர்வு உண்டு, மருத்துவ வசதி உண்டு, மேற்படிப்பு வாய்ப்பும் உண்டு. விரும்பாதவனுக்கோ ஒவ்வோர் ஆண்டும் நீளும்.

ஒப்பந்தம் என்னும் சொல்

தோட்டத்தில் பிறந்தவர்களின் காதில் இந்தச் சொல் சற்று வேறுவிதமாகவே ஒலிக்கும். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் கப்பலேறியவர்களில் பலர், என்ன எழுதியிருக்கின்றது என்று தெரியாமலே தாளில் கைநாட்டு வைத்து வந்தவர்கள். அவர்கள் வழிவந்தோர் இன்று தம் பிள்ளையின் படிப்புக்காக ஒரு தாளில் கையொப்பமிடப் போகின்றனர். இரண்டும் ஒன்று என்று சொன்னால் அது பெரும் பிழையாகும். இது அடிமை முறி அன்று. சுதந்திர நாட்டின் அரசாங்கத்தோடு விரும்பிச் செய்துகொள்ளும் உடன்பாடு. ஆனால் படித்துப் பார்க்காமல் ஒப்பமிடும் பழக்கம் மட்டும் அந்தக் காலத்தோடு போயிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எதைத் தேட வேண்டும்? பட்டம் பெற்றபின் எத்தனை ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது முதலில். இது சேரும் வழிக்கும் படிப்புக்கும் ஏற்ப மாறும். ஆதலால் சென்ற ஆண்டு சேர்ந்த உறவினர் வீட்டுப் பையனின் கணக்கை நம் பிள்ளைக்கும் பொருத்திப் பார்ப்பது சரியன்று. கையிலுள்ள தாளில் எழுதியிருப்பதே கணக்கு. ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவர் என்பதையும் பார்க்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்தா, பதவி ஏற்ற நாளிலிருந்தா என்பதில் நான்கைந்து ஆண்டு வேறுபாடு வந்துவிடக்கூடும்.

அடுத்தது, இடையில் விலகினால் என்ன ஆகும் என்பது. பிள்ளையே மனம் மாறி விலகுவது ஒருவகை. தேர்வில் தோற்று நீக்கப்படுவது மற்றொரு வகை. நோயினாலோ பயிற்சியில் ஏற்பட்ட காயத்தினாலோ தகுதி இழப்பது மூன்றாவது வகை. மூன்றுக்கும் ஒரே விதியா, வெவ்வேறு விதியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். முழங்கால் எலும்பு முறிந்தவனும் முரண்டு பிடித்து ஓடியவனும் ஒரே தட்டில் நிறுக்கப்பட மாட்டார்கள் என்று நாமாகவே எண்ணிக்கொள்ளக் கூடாது. எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பிணையாளர். அரசாங்கப் பணத்தில் படிக்கும் ஒப்பந்தங்களில் பிணை நிற்போர் கேட்கப்படுவது பொது வழக்கம். கிராணியையோ பள்ளி ஆசிரியரையோ பிணை நிற்கும்படி கேட்கும் தந்தை, அந்த நண்பரின் தலைமீது எவ்வளவு தொகையை ஏற்றி வைக்கின்றார் என்பதை அறிந்தே கேட்க வேண்டும். பிணை நிற்பவரும் முகத்தாட்சணியத்துக்காக நிற்கக் கூடாது. பிள்ளை விலகினால் அந்தத் தொகை யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை இருவரும் பேசி முடித்தபின் நின்றால், நட்பும் கெடாது.

ஒப்பந்தம் மலாய்மொழியில், சட்டநடையில் இருக்கும். தோட்டத்துப் பெற்றோர்க்கு அது கடினமாகத் தோன்றலாம். தலைமையாசிரியரிடமோ, தொழிற்சங்கக் கிளையின் செயலாளரிடமோ, தெரிந்த வழக்கறிஞரிடமோ கொண்டுபோய் ஒருமுறை வாசித்துப் பொருள் சொல்லக் கேட்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அந்த ஆண்டுகளை வாழப் போகின்றவன் அவன்தான்.

அங்கே நாள் கழியும் விதம்

மலாயாப் பல்கலைக்கழக மாணவன் தன் நேரத்துக்குத் தானே எசமானன். விரிவுரைக்குப் போனாலும் போகாவிட்டாலும் காலையில் எழுப்பிவிட யாரும் வரமாட்டார்கள். நூலகத்தில் இரவு முழுதும் இருக்கலாம். உணவுக் கடையிலும் இரவு முழுதும் இருக்கலாம். பலதரப்பட்ட மாணவர்களோடு பழகலாம், சங்கங்களில் பேசலாம், பாதி வழியில் துறையை மாற்றிக்கொள்ளவும் முயலலாம். இந்தச் சுதந்திரத்தில் மலர்ந்தவர்கள் பலர். வழி தவறியவர்களும் சிலர் உண்டு.

கேடட்டின் நாள் கட்டளைக்கு உட்பட்டது. விடியுமுன் எழுச்சி, உடற்பயிற்சி, அணிவகுப்பு, பின்னர் மற்ற மாணவர் படிக்கும் அதே கணிதமும் இயற்பியலும், மாலையில் மீண்டும் பயிற்சி, இரவில் பாடம். பொறியியல் பாடம் கேடட் என்பதற்காக எளிதாகிவிடுவதில்லை. நான்கு மணிக்கு எழுந்து பால் வெட்டப் போன தாய் தந்தையரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு விடியற்காலை எழுச்சி ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது என்று நாம் நம்புகின்றோம். தோட்டப் பிள்ளைக்குக் கடினமாக இருக்கக்கூடியது வேறு. ஏன் என்று கேட்காமல் ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிவதும், அதே வேளையில் நேர்மையற்ற செயலுக்கு மட்டும் கீழ்ப்படியாமல் நிமிர்ந்து நிற்பதும் பதினெட்டு வயதில் கற்றுக்கொள்ள எளியவை அல்ல.

மூடி மறைப்பதற்கில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2017-ஆம் ஆண்டில் இப்பல்கலைக்கழகத்தின் கேடட் ஒருவர் சக மாணவர்களால் கொடுமைப்படுத்தப்பட்டு உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது. 2021-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் முன்னாள் மாணவர் அறுவருக்கு 18 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வழக்கு அதற்குப் பின்னும் மேல் நீதிமன்றங்கள் வரை சென்றது. மூத்த மாணவர் இளையோரை வதைக்கும் தீமை உலகத்தின் பல இராணுவக் கழகங்களில் தலைகாட்டியிருக்கின்றது. பொதுப் பல்கலைக்கழக விடுதிகளும் அதற்கு விலக்கல்ல. எனினும் மூடிய வாசலுக்குள் வாழும் பிள்ளையால் அதிலிருந்து எளிதாக எழுந்து வெளியே வந்துவிட முடியாது என்பதே வேறுபாடு. பிள்ளையை அனுப்பும் பெற்றோர், "எது நடந்தாலும் எங்களிடம் சொல், சொன்னால் கோழை என்று நினைக்க மாட்டோம்" என்று முன்னதாகவே சொல்லி அனுப்ப வேண்டும். "பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆபத்தானது.

பாட்டியின் கண்ணீருக்கும் ஒரு காரணம் உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்ட மக்கள் இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள். சீருடையைக் கண்டால் கதவைச் சாத்திய நினைவு குடும்பங்களில் வழிவழியாக வந்திருக்கின்றது. இன்றைய மலேசியப் படையினர் எல்லையைக் காப்பதோடு, வெள்ள நிவாரணத்திலும், ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிகளிலும் ஈடுபடுகின்றனர். 1960-இல் கொங்கோவிலும், 1993-இல் சோமாலியாவிலும் போஸ்னியாவிலும், 2007 முதல் லெபனானிலும் அவர்கள் பணியாற்றியிருக்கின்றனர். ஆபத்து அறவே இல்லை என்று யாரும் உறுதி கூற முடியாது. அமைதிப் பணியிலும் உயிர்கள் போயிருக்கின்றன. பாட்டியை ஏமாற்றிப் பிள்ளையை அனுப்புவதைவிட, இதைச் சொல்லி அனுப்புவதே நல்லது.

மலாய்க்காரர் அல்லாதார் படையில் சேர்வது குறைவாக இருக்கின்றது என்று அரசாங்கமே பலமுறை எடுத்துக்கூறி, அனைத்து இனத்தவரையும் அழைத்திருக்கின்றது. ஆகவே நம் பிள்ளை சேர்ந்தால், தன் வகுப்பில் தமிழ் பேசுவோர் ஓரிருவராகவே இருக்கக்கூடும். இதனைத் தனிமையாகக் கொள்ளும் பிள்ளையும் உண்டு, பெருமையாகக் கொள்ளும் பிள்ளையும் உண்டு. நம் பிள்ளை எவ்வகை என்பதைப் பெற்ற தாய் அறிவாள்.

பிற நாடுகளில் எப்படி?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் மிகச் சிறந்த மாணவர்கள் சிலர், வெஸ்ட் பாயிண்ட்டா ஹார்வர்டா என்று இதே குழப்பத்துக்கு உள்ளாகின்றனர். அங்கே விதிகள் தெளிவாக இருப்பதால், அவற்றைப் பார்த்தால் நம் கேள்வியும் தெளிவடையும்.

வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழகம் 1802-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1976-ஆம் ஆண்டு முதல் பெண்களும் சேர்க்கப்படுகின்றனர். சேர்கின்றவர் 17 வயது நிறைந்தவராகவும், சேரும் ஆண்டு ஜூலை முதல் நாளில் 23 வயது எட்டாதவராகவும், திருமணம் ஆகாதவராகவும் இருக்க வேண்டும். நான்காண்டுப் படிப்புக்குக் கட்டணம் இல்லை; மாதப்படியும் உண்டு. பட்டம் பெற்றபின் 5 ஆண்டுகள் முழுநேரப் பணியும், அதன்பின் 3 ஆண்டுகள் சேமப்படைப் பணியும் செய்ய வேண்டும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகுகின்றவர் எந்தக் கடனும் இல்லாமல் போகலாம். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதுதான் கட்டுப்பாடு உறுதியாகின்றது. அதற்குப் பின் விலகினால் சிப்பாயாகப் பணியாற்ற வேண்டியிருக்கும், அல்லது செலவைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் மனத்தை அறிந்துகொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தருவது நல்ல ஏற்பாடு என்றே நமக்குத் தோன்றுகின்றது. நம் பிள்ளையின் ஒப்பந்தத்தில் அவகாசம் எவ்வளவு என்று தேடிப் பார்ப்பதற்கு இது ஒரு தூண்டுதலாகட்டும்.

மறுபுறம், ஹார்வர்ட் என்றால் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணுவதும் சரியன்று. ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளிடம் எதுவும் பெறாமல் முழுச் செலவையும் ஏற்பதாக, 2025–26 கல்வியாண்டுக்கென அது 2025 மார்ச் மாதத்தில் அறிவித்தது. செலவு ஒன்றே காரணம் என்றால், அங்கே வெஸ்ட் பாயிண்ட்டுக்குப் போக வேண்டிய தேவை ஓர் ஏழைப் பிள்ளைக்கு இல்லாமல் போய்விட்டது. காசு என்ற காரணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே கேள்விதான்: படை அதிகாரியாக வாழ விரும்புகின்றாயா?

பிரிட்டனில் இந்தக் கேள்வியே இவ்வுருவில் எழுவதில்லை. சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கழகத்தில் பட்டப் படிப்பு கிடையாது. 44 வாரப் பயிற்சிதான். அங்கே சேர்வோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள். பக்கத்திலுள்ள சிங்கப்பூரோ, 1971-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய உபகாரச் சம்பளத்தின் மூலம், தேர்ந்தெடுத்த இளம் அதிகாரிகளையே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. 2004 முதல் 2024 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்த லீ சியன் லூங் அவ்வாறு கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பின்னர் படையில் பிரிகேடியர் ஜெனரல் பதவி வரை உயர்ந்து, 1984-இல் விலகினார்.

இவற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. நல்ல அதிகாரியாவதற்கு இராணுவக் கழகம் ஒன்றுதான் வழி என்பதில்லை. அமெரிக்காவிலேயே கோலின் பவல் இதற்குச் சான்று. ஜமாய்க்காவிலிருந்து குடியேறிய உழைப்பாளிப் பெற்றோரின் மகனான அவர், நியூயார்க் நகரக் கல்லூரியில் புவியியலாய்வு படித்துக்கொண்டே சேம அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்து, 1958-இல் பட்டமும் பதவியும் பெற்றார். வெஸ்ட் பாயிண்ட் வாசலை மாணவராக மிதிக்காத அவர், 1989-இல் அந்நாட்டுப் படைத்தலைவர்கள் அனைவருக்கும் தலைவரானார்.

எந்தக் கதவு திறந்திருக்கும்?

கோலின் பவல் சென்றது போன்ற வழி நம் நாட்டிலும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் முதலிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பாலாப்பெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேம அதிகாரிப் பயிற்சிப் படை இயங்குகின்றது. பொதுத் துறைகளில் படித்துக்கொண்டே, ஓய்வு நேரங்களிலும் விடுமுறை முகாம்களிலும் மூன்றாண்டுப் பயிற்சி பெறும் மாணவர், முடிவில் சேமப்படையின் அதிகாரியாக ஆணை பெறுகின்றார். பயிற்சி நேரத்திற்குப் படியும் உண்டு. நிரந்தரப் படையில் சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீருடையை அணிந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய இது வழி தருகின்றது. இது தவிர, பட்டதாரிகளை நேரடியாகக் கேடட்டாக எடுத்துப் பயிற்சி தந்து நிரந்தரப் படையில் அதிகாரியாக்கும் முறையும் இருக்கின்றது.

இரண்டு கதவுகளும் ஒரே தன்மை உடையன அல்ல என்பது இதனால் தெரிய வரும். பல்கலைக்கழகத்தின் வழியாகச் சென்றவன் வயது வரம்பைக் கடக்காதவரை பின்னர் படைக்குப் போகலாம். கேடட்டாகக் கையொப்பமிட்டவன், தன் ஆண்டுகளை முடிக்கும் வரை வேறு பக்கம் திரும்புவது கடினம். ஆதலால் இன்னும் மனம் தெளியாத பிள்ளைக்கு, மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பாலாப்பெஸ்ஸில் பெயர் கொடுப்பதே தக்கது என்பது நம் கருத்து. சட்டமோ, பல் மருத்துவமோ, மொழியியலோ, இந்திய ஆய்வியலோ படிக்க விரும்பும் பிள்ளைக்கும் அதுவே இடம்.

ஆனால், சிறு வயது முதலே சீருடை இயக்கங்களில் ஊறி, வரைபடமும் மலையேற்றமும் பொறிகளும் தன் உலகமாகக் கொண்டு, அதிகாரியாவதே ஆசை என்று சொல்லும் பிள்ளையைப் பெயருக்காக மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது வேண்டாம். நான்காண்டுகள் அவன் ஒரே நோக்கமுடைய தோழர்களோடு வளர்வான். படைத்துறையில் அந்தத் தோழமை வாழ்நாள் முழுவதும் உடன்வருவது. பணிக்காலம் முடிந்து வெளியே வந்தாலும், பொறியியல் பட்டம் அவன் கையில்தான் இருக்கும். மக்களை நடத்திப் பழகியவன் என்பதையும் வெளியுலகம் மதிக்கும்.

செலவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைக் கேடட்டாக்க நினைக்கும் தந்தைமார்க்கு மட்டும் நாம் சற்று அழுத்தமாகவே சொல்கின்றோம்: முதலில் பி.டி.பி.டி.என். படிவத்தையும் உபகாரச் சம்பளப் படிவங்களையும் நிரப்பிப் பாருங்கள். அவை அனைத்தும் கைவிட்டாலும், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் சுங்கை பீசிக்குப் பேருந்து ஏற்றாதீர்கள். அவ்வாறே, பிள்ளை படையை விரும்பும்போது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அஞ்சித் தடுப்பதும் முறையன்று. பெண்பிள்ளையாயின் இவ்வச்சம் இன்னும் கூடுதலாக எழுகின்றது. மகள் கேடட்டாக விரும்பினால், உடல் தகுதியையும் ஒப்பந்தத்தையும் மகனுக்குப் பார்ப்பது போலவே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தேர்வு நாளுக்கு முன்

கேடட் தேர்வுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. மருத்துவப் பரிசோதனை, உடல்திறன் சோதனை, நேர்முகத் தேர்வு ஆகிய மூன்றையும் கடக்க வேண்டும். கண்பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல், உயரத்துக்கேற்ற எடை முதலியன பார்க்கப்படும். பல பிள்ளைகள் நிறக்குருடு தமக்கு இருப்பதையே அந்நாளில்தான் முதன்முதலாக அறிகின்றனர். சில வெள்ளிச் செலவில் மருந்தகத்தில் முன்கூட்டியே கண்ணைச் சோதித்துக்கொண்டால் வீண் ஏமாற்றம் இல்லை. ஓட்டப் பயிற்சியை அழைப்பு வந்தபின் தொடங்குவது காலங்கடந்ததாகும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடத் தொடங்கிவிட வேண்டும். நேர்முகத் தேர்வு மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் நடக்கக்கூடும் ஆதலால், இரண்டிலும் தன்னைப் பற்றி ஐந்து நிமிடமாவது தடங்கலின்றிப் பேசப் பழகியிருப்பது நலம்.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, தேர்வுச் சான்றிதழ்கள், புறப்பாட நடவடிக்கைச் சான்றுகள் ஆகியவற்றின் மூலப்படிகளையும் உறுதிப்படுத்தப்பட்ட நகல்களையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பது தோட்டப்புறத்தில் அடிக்கடி காணப்படும் சங்கடம். அதனைச் சரிசெய்யத் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும். வேலை நாள் ஒன்றை அதற்கென ஒதுக்கி, தோட்ட நிர்வாகத்திடம் விடுப்புக்கு முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.